கடைசித் தூணோடு நின்றுவிடும் விடுதி மாணவர்கள்

கேள்வி: புதுச்சேரியில் கல்லூரிகளும் பெண்கள் விடுதிகளும் நிறைந்த பகுதியில் எங்கள் கத்தோலிக்கப் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகம்) இருக்கிறது. ஏறக்குறைய 300 குடும்பங்கள், 10 அன்பியங்கள் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்கள்). உறுதிபூசுதல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் திருச்சடங்கு) வாங்கிய பிள்ளைகள் அடுத்த வருடமே கண்ணில் படுவதில்லை. ஞாயிறு மாலைப் பூசைக்கு வெளியூர் மாணவர்கள் வருகிறார்கள். கடைசித் தூணருகே நின்று, நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கிய கையோடு போய்விடுகிறார்கள். இளையோருக்கென 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். எல்இடி திரை, புது ஸ்பீக்கர், கிட்டார் வாங்கலாம் என்கிறார்கள் ஒரு சாரார். கோயில் கோயிலாக இருக்கட்டும், பிள்ளைகள்தான் மாற வேண்டும் என்கிறார்கள் இன்னொரு சாரார். எங்கே தொடங்குவது? – பங்குப் பேரவைச் செயலர், புதுச்சேரி.

பதில்:

செயலர் ஐயா அவர்களுக்கு, இயேசுவுக்கே புகழ்.

திரையும் ஸ்பீக்கரும் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் பேரவையில் இரு சாராரும் பூசை எப்படி நடக்கிறது என்பதைத்தான் பேசுகிறார்கள். பிள்ளைகள் நழுவுவதோ பூசை முடிந்த அடுத்த பத்து நிமிடத்தில். அந்தப் பத்து நிமிடத்தில் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை, தான் இல்லாவிட்டால் நின்றுபோகிற வேலை ஒன்றும் இல்லை என்றால் யாராக இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத்தான் செய்வார்கள். பெயர் தெரிந்த பெரியவர் ஒருவர், பிள்ளைகளை நம்பிக் கொடுத்த பொறுப்பு ஒன்று: இந்த இரண்டுக்கும்தான் உங்கள் பணமும் நேரமும் போக வேண்டும்.

முதலில், நீங்கள் ஒரே பேச்சாகக் கேட்டிருக்கும் இரண்டு கூட்டத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். உறுதிபூசுதல் வாங்கிவிட்டுக் காணாமல் போகிறவர்கள் உங்கள் பங்குப் பிள்ளைகள். தூணருகே நிற்பவர்கள் வெளியூர்ப் பிள்ளைகள். இருவரின் காலண்டரும் நேர் எதிர். வெளியூர் மாணவர்கள் கிறிஸ்துமஸுக்கும் மே மாதத்துக்கும் ஊருக்குப் போய்விடுவார்கள். அதே நாட்களில்தான் சென்னையிலும் கோவையிலும் படிக்கும் உங்கள் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். பல பங்குகளில் டிசம்பர் கடைசியில் பெரிய இளையோர் விழா வைத்துவிட்டு, “ஹாஸ்டல் பிள்ளைங்க ஒருத்தரும் வரலையே” என்று வருத்தப்படுவதற்கு இதுதான் காரணம். மாணவர்களுக்கான வேலை ஜூலை முதல் நவம்பர் தொடக்கம் வரை, பிறகு ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை. பங்குப் பிள்ளைகளுக்கான வேலை கிறிஸ்துமஸ், பொங்கல், புனித வாரம், மே மாதம். இதை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

பங்குப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க உறுதிபூசுதல் பதிவேட்டில் கடைசி ஐந்து வருடப் பெயர்களை எடுங்கள். அவற்றை அன்பியவாரியாகப் பிரித்து, யார் எங்கே படிக்கிறார் அல்லது வேலை பார்க்கிறார், எப்போது வீட்டுக்கு வருவார் என்று மட்டும் அன்பியப் பொறுப்பாளர்களை விசாரிக்கச் சொல்லுங்கள். “ஏன் கோயிலுக்கு வரல?” என்ற கேள்வி இந்தச் சுற்றில் கூடவே கூடாது. அதைக் கேட்ட வீட்டில் அடுத்த முறை பிள்ளை வெளியே வராது, அம்மாதான் வாசலில் நின்று சமாளிப்பார். படிப்பை விட்டுவிட்டு மெக்கானிக் கடையிலோ துணிக்கடையிலோ வேலை செய்கிற பிள்ளைகளின் பெயர் பட்டியலில் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘மாணவர்’ என்று தலைப்பிட்டாலே அவர்கள் தமக்கில்லை என்று ஒதுங்கிக்கொள்வார்கள்.

வெளியூர் மாணவர்களுக்கு எல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது. பெண்கள் விடுதிகளில் வாசல் சாத்தும் நேரம் உண்டு. சிலவற்றில் ஏழு மணி, சிலவற்றில் எட்டு. சுற்றியுள்ள விடுதிகளில் விசாரித்து, மிக முன்னதாகச் சாத்தும் விடுதியைக் கணக்கில் வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். ஐந்து மணிக்குப் பூசை, ஆறுக்கு முடிவு, 6.35 வரை தேநீர், 6.45-க்குள் எல்லோரும் டெம்போவிலோ பஸ்ஸிலோ ஏறியிருக்க வேண்டும். ஆறு மணிக்கு முடிய வேண்டிய பூசை அறிவிப்புகளால் 6.20 ஆகிவிட்டால் போவது தேநீர் நேரம்தான். பேரவை அறிவிப்புகளைத் தாளில் அச்சிட்டு வாசலில் ஒட்டுங்கள். மறையுரை (பிரசங்கம்) எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூனில் சொன்னதைப் பங்குத்தந்தையிடம் மரியாதையோடு நினைவூட்டலாம். நீண்ட மறையுரையால் சலிப்பது இளையோர் மட்டுமல்ல என்பதால் வேறு சிலரும் உங்களுக்குத் துணை நிற்பார்கள்.

வாசலில் இரண்டு இரண்டு பேராக நால்வர் நிற்கட்டும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் 25 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும். பூசைக்கு முன் சிரித்தால் போதும். உண்மையான வேலை பூசைக்குப் பிறகு. “என்ன படிக்கிறீங்க? ஹாஸ்டல் சாப்பாடு எப்படி? டீ இருக்கு, குடிச்சிட்டுப் போங்க.” இவ்வளவுதான். பெயரை அன்றிரவே நோட்டில் எழுதிவைத்து, அடுத்த ஞாயிறு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். படிவம் நிரப்பச் சொல்வது, எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று அறிமுகம் செய்யச் சொல்வது, கைதட்டி வரவேற்பது எல்லாம் கூச்ச சுபாவமுள்ள பிள்ளையை விரட்டிவிடும்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். “எந்த ஊர்?” என்ற கேள்வி இயல்பானது. அதைத் தொடர்ந்து “ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு? அப்பா பேரு?” என்று போனால், கேட்பவர் சாதியைத் தோண்டுகிறார் என்பது பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு நொடியில் புரியும். நமது புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்திலேயே எறையூரில் சாதி மோதல் 2008 மார்ச்சில் துப்பாக்கிச்சூட்டில் போய் முடிந்து, இரண்டு உயிர் போனது. அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து புதுச்சேரிக்கும் கடலூருக்கும் படிக்க வரும் பிள்ளைகள் அதை வீட்டில் கேட்டே வளர்ந்திருப்பார்கள். உங்கள் பாடகர் குழுவிலும் திருவிழாக் குழுவிலும் ஒரே தெருக்காரர்கள் மட்டும் இருந்தால், வாசலில் எத்தனை பேர் சிரித்தாலும் அவர்கள் நம்ப மாட்டார்கள். குழுக்களைக் கலப்பதுதான் முதல் வரவேற்பு. கசப்பு வரும். அதைப் பேரவை தாங்கியே ஆக வேண்டும்.

தேநீருக்குப் பங்குப் பணம் வேண்டாம். 10 அன்பியங்களும் முறைவைத்து ஏற்றுக்கொள்ளட்டும், ஓர் அன்பியத்துக்கு இரண்டரை மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். 40 பேருக்கு உலர்ந்த கொண்டைக்கடலை 2 கிலோ, பால் 3 லிட்டர் போதும். கடலையைச் சனி இரவே ஊறவைக்க வேண்டும். மறந்தால் ஞாயிறு பிஸ்கட் பாக்கெட்டில் முடியும். முதல் நாள் எட்டுப் பேர்தான் நின்றார்கள் என்று நிறுத்திவிடாதீர்கள். எட்டுப் பேருக்கும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஆறு வாரம் தொடர்ந்து கொடுங்கள். ஒரு வாரம் உண்டு, ஒரு வாரம் இல்லை என்றால் பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள்.

செமஸ்டருக்கு இரண்டு முறை பெரிய சாப்பாடு வைக்கலாம். பிரியாணி என்றால் ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு என்ற கணக்கில் 40 பேருக்கு 5 கிலோ அரிசி, 5 கிலோ கறி. கறி சாப்பிடாதவர்களுக்குத் தனிப் பாத்திரம். தவக்காலத்தில் எல்லோருக்கும் சாம்பார் சாதம். இதைவிட மேலானது வீட்டுச் சாப்பாடு. ஞாயிறு மதியம் ஒரு குடும்பம் மூன்று மாணவர்களைக் கூப்பிட்டு, தாங்கள் சாப்பிடுவதையே போட்டால் போதும், விருந்து செய்ய வேண்டியதில்லை. ஆனால் விதிகள் கண்டிப்பாக இருக்கட்டும்: தனியாக ஒருவரை அனுப்பக் கூடாது, வீட்டில் பெண்கள் இருக்க வேண்டும், யார் எந்த வீட்டுக்குப் போகிறார் என்பது ஒருங்கிணைப்பாளர் நோட்டில் இருக்க வேண்டும், பகலிலேயே விடுதி திரும்ப வேண்டும்.

மொழியைப் பற்றி. கேரளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் மாணவர்களுக்காகத் தனியாக ஆங்கிலப் பூசை தொடங்க அவசரப்படாதீர்கள். வாரம் தவறாமல் 40 பேராவது வராவிட்டால் அது மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடும். அதுவரை, அன்றைய வாசகங்களின் இடங்களையும் மறையுரைச் சுருக்கத்தையும் ஆங்கிலத்தில் அரைத்தாளில் கொடுங்கள். பாடல் வரிகளை ரோமன் எழுத்திலும் அச்சிடுங்கள். விசுவாசிகள் மன்றாட்டில் ஒன்றை அவர்கள் மொழியில் அவர்களே சொல்லட்டும். நகரில் வேறு எந்தக் கோயிலில் எத்தனை மணிக்கு ஆங்கிலப் பூசை என்று கேட்டறிந்து அதையும் வாசலில் ஒட்டுங்கள். உங்கள் கோயிலுக்கு வராமல் அங்கே போனாலும் இழப்பு இல்லை.

மிசோரம் மாணவர்களில் பெரும்பாலோர் பிரஸ்பிட்டேரியன், நாகாலாந்து மாணவர்களில் பெரும்பாலோர் பாப்டிஸ்ட்; இரண்டும் கத்தோலிக்கம் அல்லாத கிறிஸ்தவ சபைகள். அருகில் வேறு கோயில் தெரியாததால் உங்களிடம் வருவார்கள். அவர்கள் நன்மை வரிசையில் வந்து நிற்கும்போது தடுத்துத் திருப்புவது போன்ற அவமானம் வேறில்லை. அதனால் தேநீர் வேளையில், முன்கூட்டியே, நன்மை வாங்குவது கத்தோலிக்கருக்கு மட்டும், எங்கள் திருச்சபை ஒழுங்கு இப்படி என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். கைகளைக் குறுக்காகக் கட்டி வந்தால் ஆசீர் கொடுப்பீர்களா என்பதைப் பங்குத்தந்தை முடிவு செய்யட்டும். பூசையில் வாசகம் வாசிப்பது கத்தோலிக்கருக்கு உரியது. பாடகர் குழுவில் பாடத் தடையில்லை. மிசோ பிள்ளைகளில் பலர் சர்ச்சிலேயே சோல்ஃபா இசைக்குறிப்பைப் பார்த்து நான்கு குரலில் பாடிப் பழகியவர்கள். உங்கள் பாடகர் குழுத் தலைவர் மனது வைத்தால் ஒரே செமஸ்டரில் பாட்டின் தரம் உயரும்.

இனிப் பொறுப்பு. இன்று நம் பங்குகளில் இளையோருக்கு என்ன வேலை கொடுக்கிறோம்? நாற்காலி தூக்குவது, சீரியல் லைட் கட்டுவது, குடில் போடுவது, தேர் பவனியில் கயிறு பிடிப்பது. எல்லாம் பெரியவர்கள் முடிவு செய்தபின் வரும் எடுபிடி வேலை. மூன்று வருடம் இப்படியே போனால் நல்ல பிள்ளையும் ஒதுங்கும். முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வையுங்கள். பேரவையில் 25 வயதுக்குட்பட்ட இருவருக்கு இடம் கொடுங்கள், அதில் ஒருவர் பெண். பங்குப் பேரவை ஆலோசனை கூறும் அமைப்பு, இறுதி முடிவு பங்குத்தந்தையுடையது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிறகு ஏமாந்தோம் என்று நினைக்கக் கூடாது. கூட்டத்தைப் புதன் பகல் பதினொன்றுக்கு வைத்துவிட்டு அவர்கள் வரவில்லை என்று குறிப்பேட்டில் எழுதுவதும் நடக்கிறது. இரவு ஏழரைக்கு வையுங்கள், ஒன்றரை மணி நேரத்தில் முடியுங்கள். விடுதி மாணவி உறுப்பினர் என்றால் ஞாயிறு பூசைக்கு முன் மூன்று மணிக்கு வையுங்கள்.

10,000 ரூபாயை இளையோர் குழுவிடமே கொடுத்து, எதற்குச் செலவிடுவது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். நிபந்தனை இரண்டே: ரசீது வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டீஸ் போர்டில் கணக்கு ஒட்ட வேண்டும். அவர்கள் அதில் கிட்டாரே வாங்கினாலும் குறுக்கே நிற்காதீர்கள். அவர்கள் வாங்கிய கிட்டாரை அவர்கள் வாசிப்பார்கள். பேரவை வாங்கிக் கொடுத்த கிட்டார் பீரோவில் தூங்கும்.

பங்கு மன்றத்தைத் தேர்வுக் காலத்தில் படிப்பறையாகத் திறப்பதுதான் நாம் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புவது. ஒரே அறையில் மூன்று நான்கு பேர் தங்கும் பிஜியில் அமைதியாகப் படிக்க இடமில்லை. உங்கள் பங்கின் சின்ன வீடுகளில் டிவி சத்தத்துக்கு நடுவே படிக்கும் பிளஸ் டூ பிள்ளைக்கும் அதே நிலைதான். பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கு முந்தைய நான்கு வாரமும், பொதுத்தேர்வுக்கு முந்தைய நான்கு வாரமும் மாலை ஆறு முதல் பத்து வரை திறந்து வையுங்கள். 20 இருக்கை போதும். ஒரு லேப்டாப் சார்ஜர் 65 வாட் என்று வைத்தால் 20-க்கு 1,300 வாட்; ஏறக்குறைய 6 ஆம்பியர். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் செருகி ஓட்டினால் பிளக் சூடாகி உருகும். எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டு தனி லைனில் பத்துப் பத்து பாயின்ட் எடுங்கள். இன்வெர்ட்டரில் விளக்கும் ஃபேனும் மட்டும் ஓடட்டும், லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது. ஜன்னலுக்குக் கொசுவலை, உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கழிவறை, 20 லிட்டர் குடிநீர் கேன். தினமும் இரண்டு பெரியவர்கள் முறைவைத்து உட்கார வேண்டும், ஒருவர் பெண். அவர்கள் உபதேசம் செய்ய வேண்டாம், தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். கல்லூரி மாணவர்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் கணக்கு சொல்லிக் கொடுக்கட்டும். வெளியூர் மாணவருக்கும் பங்குக் குடும்பத்துக்கும் உறவு அந்த மேஜையில் தானாக உண்டாகும். வரும் நண்பர்களில் கிறிஸ்தவர் அல்லாதோரும் இருப்பார்கள். இடம் எல்லோருக்கும். துண்டுப்பிரசுரமோ ஜெப அழைப்போ அங்கே வேண்டாம்.

நம் கரையோரத்துக்கே உரிய இன்னொரு பொறுப்பும் உண்டு. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல். இரண்டும் நம் தலைமேல் வந்து இறங்கிய புயல்கள். அக்டோபர் முதல் வாரத்திலேயே இளையோரைக் கொண்டு ஒரு புயல் குழு அமையுங்கள். பங்கில் தனியாக வாழும் முதியோர், டயாலிசிஸ் நோயாளிகள், நிறைமாதக் கர்ப்பிணிகள், பள்ளத்தில் உள்ள வீடுகள் ஆகியவற்றை அவர்களே தெருத்தெருவாகப் போய் எழுதட்டும். டார்ச், கயிறு, பவர் பேங்க், பாய், மன்றத்தின் இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது என்பது வரை தாளில் இருக்க வேண்டும். வெள்ளத்தில் இறங்கி நடப்பது அவர்கள் வேலை அல்ல. அதற்குத் தீயணைப்புத் துறை உண்டு. தகவல், உணவுப் பொட்டலம், மன்றத்தில் தங்குவோரைக் கவனிப்பது, இவ்வளவு போதும். கோயிலுக்கே வராத பங்குப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவார்கள்.

பாதுகாப்பில் தளர்வே கூடாது. முதலாண்டு மாணவர்களில் பலருக்குப் பதினேழு வயதுதான். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும்) சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். பங்குக்குள் பேசித் தீர்ப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098 மன்றச் சுவரில் இருக்கட்டும். யாரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாகப் பேச வேண்டாம், கதவு திறந்திருக்க வேண்டும். அனுமதியின்றிப் பெண் பிள்ளைகளின் படங்களைப் பங்கின் ஃபேஸ்புக்கில் போடக் கூடாது. அரியர், காதல் முறிவு, வீட்டுக் கடன் என்று உடைந்து வரும் பிள்ளையிடம் “ஜெபம் பண்ணு, சரியாகிடும்” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். கேளுங்கள், கூட இருங்கள், அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸின் 14416 எண்ணைக் கொடுங்கள். சாக நினைப்பதாகச் சொன்னால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஜெபம் அதோடு சேர்ந்து நடக்கட்டும்.

எது கெடுக்கும் என்று கேட்டால், எங்கள் அனுபவத்தில் முதலிடம் கண்காணிப்புக்கு. முடிவெட்டு, ஜீன்ஸ், யார் யாரோடு பேசுகிறார் என்று ஒரு பெரியவர் குறை சொன்னாலே போதும், மறுவாரம் ஐந்து பேர் குறைவார்கள். அடுத்தது வாட்ஸ்அப் குழு. பெரியவர்களைச் சேர்த்துவிட்டால் காலை வணக்கமும் ஃபார்வர்டும் நிரம்பி, மாணவர்கள் மியூட் செய்துவிடுவார்கள். வாரத்துக்கு இரண்டே செய்தி, அதையும் ஒரு மாணவரே போடட்டும். மூன்றாவது, தலைமை கைமாறுவது. இளங்கலை மாணவர் மூன்று வருடம்தான் இருப்பார். மே மாதத்தில் புதுத் தலைவரைத் தேடினால் ஆளே இருக்காது. பிப்ரவரியிலேயே இரண்டாம் ஆண்டு மாணவரிடம் ஒப்படைத்து, மூன்றாம் ஆண்டு மாணவர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். பங்குத்தந்தை மாறும்போதும் இதே ஆபத்து உண்டு. அதனால் எல்லாவற்றையும் பேரவைத் தீர்மானமாக எழுதி வையுங்கள்.

பங்குப் பிள்ளைகளும் மாணவர்களும் ஒன்றாகப் போய்வர ஆண்டுக்கு ஒரு பயணம் போதும். வீரமாமுனிவர் எழுப்பிய கோணாங்குப்பம் பெரியநாயகி மாதா கோயில் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்ப் பெண் உருவில் அன்னையைப் பார்க்கும் வடகிழக்குப் பிள்ளைகள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல உங்கள் பிள்ளைகள் படித்துக்கொண்டு வருவார்கள்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள்: படிப்பறைக்கு 14,000, நான்கு பெரிய சாப்பாட்டுக்கு 12,000, இளையோர் கையில் 10,000, மீதி 4,000 அவசரப் பயணத்துக்கும் மருந்துக்கும். வெளியூர்ப் பயணத்துக்கு வருகிறவர்கள் பஸ் செலவைத் தாங்களே பகிர்ந்துகொள்ளட்டும். கல்லூரிகள் திறக்குமுன் செய்ய வேண்டியவை மூன்று: விடுதிகளின் கதவு நேரத்தை விசாரிப்பது, உறுதிபூசுதல் பட்டியலை எடுப்பது, மன்றத்துக்கு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வருவது. விடுதிக் காப்பாளர்களைப் பார்க்கப் போகும்போது பங்கின் லெட்டர்பேடில் பூசை நேரம், தேநீர் முடியும் நேரம், பொறுப்பான இரண்டு பெண்களின் கைபேசி எண் ஆகியவற்றை எழுதி எடுத்துப் போங்கள். நேரத்தைத் தளர்த்தும்படி கேட்க வேண்டாம்.